வாய்க்கால் சேறும் உருளைக்கிழங்கும்: தித்திகாகா கரையில் ஏழு நாள்

நாள் 1: ஹுலியாக்கா – புனோ

தலைவலியோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் லிமாவில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், ஹுலியாக்காவில் இறங்கும்போது தலையணை மாதிரி உப்பியிருந்தது. என் மண்டையும் அப்படித்தான் இருக்கிறது. 3,800 மீட்டருக்கு மேல் உயரம். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். பெட்டியை இழுத்துக்கொண்டு இருபது அடி நடந்துவிட்டு, மூன்று மாடி ஏறியவன் போல நின்று மூச்சு வாங்கினேன். டாக்ஸிக்காரர் சிரித்துவிட்டு அவரே பெட்டியை வாங்கிக்கொண்டார்.

பெரு–பொலிவியா எல்லையில் இருக்கும் தித்திகாகா ஏரியின் கரையூர் புனோ. இங்கே கண்டேலாரியா மாதா திருவிழா. ஊரே முரசும் பித்தளைக் குழலுமாக ஆடிக்கொண்டிருக்கிறது. முன்பணம் கட்டியிருந்த விடுதியில் அறை இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இரட்டை வாடகைக்கு வேறொருவருக்கு விட்டிருக்கிறார்கள் என்பது பேசாமலே புரிந்தது. இரண்டு தெரு தள்ளி, மொட்டை மாடியில் ஒரு தகரக் கூரை அறை கிடைத்தது. கோகா இலைத் தேநீர் இரண்டு கோப்பை. சரி, படுக்கிறேன்.

நாள் 2: புனோ

எதற்காக இவ்வளவு தூரம் என்று வீட்டில் கேட்ட அதே கேள்வியை நண்பர்களும் கேட்டிருக்கிறீர்கள். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவனுக்கு மண்ணைப் பார்க்கப் போவதுதானே சுற்றுலா!

இந்த ஏரியைச் சுற்றியுள்ள சமவெளி முழுக்கப் பழைய மேட்டுப்பாத்திகள் இருக்கின்றன. வரிவரியாக மேடு, நடுவில் வாய்க்கால், மறுபடி மேடு. பெரு பக்கத்தில் இதற்கு வாரு வாரு என்று பெயர். பொலிவியாவில் ஐமாரா மொழியில் சுக்கா கொல்யு. சுக்கா என்றதும் எனக்கு மட்டன்தான் ஞாபகம் வந்தது. அவர்கள் மொழியில் அது உழவுசாலைக் குறிக்கும் சொல், கொல்யு என்றால் மேடு. பாத்திகள் பெரும்பாலும் 4 முதல் 10 மீட்டர் அகலம், நீளம் 100 மீட்டர் வரைகூட, உயரம் ஒரு மீட்டரை ஒட்டி. ஊர்க்காரர்களுக்கு அந்த மேடுபள்ளம் எப்போதும் தெரிந்ததுதான். ஆனால் பெரும்பாலானவற்றில் பயிர் வைத்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. 1960-களில் டெனவன் உள்ளிட்ட புவியியலாளர்கள் வான்படங்களை வைத்துக் கணக்கெடுத்தபோது 82,000 ஹெக்டேர் வந்தது. யோசித்துப் பாருங்கள், இரண்டு லட்சம் ஏக்கர்! அதுவும் வெறும் காலால் மிதிக்கும் கலப்பையும் கையும் வைத்து.

இன்றைக்குச் சந்தைக்கு மட்டும் போனேன். உருளைக்கிழங்கு மூட்டைகளை எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். கறுப்பு, ஊதா, மஞ்சள், விரல் மாதிரி நீளம், பன்றிக்குட்டி மாதிரி குண்டு. நம் பூரிக்கிழங்கின் தாய்வீடு இந்த வட்டாரம்தான். மூலையில் ஒரு அம்மா சாம்பல் நிறக் கட்டிகளை விற்றுக்கொண்டிருந்தார். எடுத்து நசுக்கினேன். சந்தேகமே இல்லை, களிமண். பெயர் சாக்கோ. கரைத்து, உப்புப் போட்டு, வேகவைத்த கிழங்கை அதில் தோய்த்துத் தின்கிறார்கள்.

இது வேடிக்கை இல்லை. இங்கே விளையும் கசப்புக் கிழங்குகளில் இயற்கையாகவே நச்சுப்பொருள் உண்டு. அந்த நச்சைக் களிமண்ணின் நுண்தட்டுகள் பிடித்துவைத்துக்கொள்கின்றன, வயிற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. உரச்சத்தை மண் ஏன் பிடித்துவைக்கிறது என்று விவசாயிகளுக்கு விளக்கப் படாதபாடு படுவேன். இங்கே அந்தப் பாடத்தைச் சட்னியாகவே அரைத்து வைத்திருக்கிறார்கள். தின்று பார்த்தேன். மழை பெய்த சுவரை நக்கினால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் மோசமில்லை.

நாள் 3: ஹுவாத்தா

புனோவுக்கு வடக்கே, ஏரியின் சேற்றுக்கரையை ஒட்டிய ஊர். ஓட்டுநர் இளைஞர், கெச்சுவா பேசுபவர். இந்தச் சமவெளியைப் பார்த்தால் விவசாயி எவனும் ஓடிவிடுவான். மழைக்காலத்தில் தண்ணீர் வடியாது, கோடையில் தரையில் உவர் பூக்கும், எந்த இரவில் உறைபனி இறங்கும் என்று சொல்ல முடியாது. அதனாலேயே இன்றைக்கு நல்ல வயல்கள் மலைச்சரிவில் இருக்கின்றன, சமவெளி மாட்டுக்கும் ஆட்டுக்கும்.

1981 முதல் கிளார்க் எரிக்சன் என்ற தொல்லியலாளர் இங்கே குழி தோண்டினார். தோண்டிய குழியின் சுவரில் பழைய மேட்டின், வாய்க்காலின் வடிவம் தெரிந்தது. அதே அளவில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து பழைய பாத்திகளை மறுபடி கட்டி உருளைக்கிழங்கு நட்டார். ஹெக்டேருக்கு 8 முதல் 14 டன் வந்தது. புனோ வட்டாரத்தின் வழக்கமான விளைச்சல் 1 முதல் 4 டன்தான். அந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்த மண்ணை ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றிருந்தது.

இன்று எடுத்தேன். மாடுகள் இறங்கி ஏறி ஒரு பழைய மேட்டின் ஓரத்தை உடைத்திருந்தன. அந்த வெட்டில் உட்கார்ந்துவிட்டேன், ஓட்டுநர் போன் பார்க்கப் போய்விட்டார். மேலே ஒன்றரைச் சாண் கருமையும் பழுப்பும் கலந்த மண், வேர்கள் நிறைய, நகத்தால் கீறினால் உதிர்கிறது. அதற்குக் கீழே கலவையாக ஒரு அடுக்கு: கறுப்புக் கட்டியும் சாம்பல் கட்டியும் பக்கத்துப் பக்கத்தில், தலைகீழாகப் போட்ட புல்கட்டிகள் மாதிரி. அதற்கும் கீழே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. பாத்தி கட்டும் முன்பு இதுதான் தரையாக இருந்திருக்க வேண்டும். அடியில் ஈயநிறக் களி. அதில் துருப்பிடித்த ஆணியை வைத்து எடுத்த மாதிரி செம்மஞ்சள் பொட்டுகள். தண்ணீர் தேங்கி மூச்சு முட்டும் மண்ணில் இரும்பு கரைந்து சாம்பல் நிறமாகும். எங்காவது வேர்த்துளை வழியே காற்று புகுந்தால் அந்த இடம் மட்டும் துருப்பிடிக்கும். பாத்தி போட்டவர்கள் செய்தது இதுதான்: அந்த ஈயநிறத்தை ஒரு மீட்டர் கீழே தள்ளிவிட்டு, கிழங்குக்குக் காற்றுள்ள வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

அடிக்களியை உருட்டிப் பார்த்தேன். முறுக்குப் பிழிகிற மாதிரி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உடையாமல் நாடாவாக நீண்டது. மேல்மண் அப்படி நீளவில்லை, பாதியில் உதிர்ந்தது. இரண்டும் ஒரே ஏரியின் மண்தான். ஒன்றைக் கை தொட்டிருக்கிறது, மற்றதைத் தொடவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த எலுமிச்சையைப் பிழிந்து நத்தை ஓடுகள் கிடந்த ஓர் இடத்தில் விட்டேன். சின்னச் சின்னதாக நுரைத்தது. சுண்ணாம்பு. ஓட்டுநர் திரும்பி வந்து, நான் மண்ணுக்கு எலுமிச்சை பிழிவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். நேற்று அவர்கள் மண்ணைத் தின்றவன்தானே நான், பதிலுக்குப் பதில்.

நாள் 4: புனோ

மழை. தகரக் கூரையில் ஆலங்கட்டி. எங்கும் போகவில்லை.

நாள் 5: அக்கோரா

புனோவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள். இங்கே ஐமாரா மக்கள். வாரு வாருவில் இன்றும் பயிர் வைக்கும் ஊர்கள் இந்தப் பக்கம் இருக்கின்றன. தெரிந்தவர் மூலம் ஒரு வீட்டில் இரண்டு இரவு தங்க ஏற்பாடு. வீட்டுப் பெரியவரை எல்லோரும் தாத்தா என்று கூப்பிடுகிறார்கள்! உண்மையாகத்தான். ஐமாராவில் ஆண்களை மரியாதையாக 'தாத்தா' என்றும் பெண்களை 'மாமா' என்றும் அழைப்பார்கள். முதலாவது எனக்கு நாக்கில் தானாக வந்துவிட்டது. அந்த அம்மாவை மாமா என்று கூப்பிடத்தான் சாயந்திரம் வரை கூச்சமாக இருந்தது.

பாத்திகள் பூத்துக் கிடக்கின்றன. உருளைக்கிழங்கின் ஊதாப் பூ, ஓரத்தில் கீன்வா தானியம். வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர், மேலே செம்பழுப்பாக ஒரு பாசிப் படலம். அள்ளிப் பார்த்தால் அசோலா! நம் நெல்வயலில் தழைச்சத்துக்காக விடுவோமே, அதன் குளிர்தேச உறவு. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, செத்ததும் சேற்றோடு அடியில் படியும். தண்ணீர் வற்றும் காலத்தில் அந்தச் சேற்றை அள்ளி மேட்டில் போடுவதுதான் உரம்.

வழக்கம் பிடிபட்டதும் எனக்கு ஒரு குளக்கரை ஞாபகம் வந்தது. சித்திரை வெயிலில் கண்மாய் வற்றியதும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கரம்பை எடுக்கப் போவார்களே, அதேதான். வித்தியாசம் ஒன்றுதான், நாம் கண்மாய்வரை போகவேண்டும். இவர்களுக்குக் கண்மாய் ஒவ்வொரு பாத்தியின் காலடியிலும் இருக்கிறது.

தாத்தாவிடம் கலப்பையைக் கேட்டேன். சாக்கிதாக்யா. ஆள் உயரக் கம்பு, நுனியில் இரும்புத் தகடு, கால் வைக்க ஒரு குறுக்குக் கட்டை. மிதித்து, நெம்பி, புல்லோடு ஒரு கட்டியைப் பெயர்க்கவேண்டும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் மிதிப்பார்கள், எதிரே ஒரு பெண் குனிந்து கட்டியைப் புரட்டுவார். நான் நான்கு கட்டி பெயர்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாவதை மாமா பெயர்த்துக் காட்டினார், மூச்சுகூட மாறவில்லை.

இந்த வேலை தனி ஆளால் ஆகாது. இன்று உன் பாத்தி, நாளை என் பாத்தி என்று முறை வைத்துச் செய்வதை இங்கே ஐனி என்கிறார்கள். நம்மூர் மாத்தாள் மாதிரி. வாய்க்கால் என்பது ஒருவருடைய பாத்தியோடு முடிவதில்லையே, மேலே இருப்பவர் தூர் வாராவிட்டால் கீழே இருப்பவருக்கு வெள்ளம். மகன்கள் எங்கே என்று கேட்டேன். ஒருவர் ஹுலியாக்காவில் கடை, ஒருவர் கடலோர நகரம் ஒன்றில். கேட்டிருக்கவேண்டாம்.

இரவு சூப்பில் கறுப்பாக, தக்கை மாதிரி இருந்த துண்டுகள் சூன்யோ. ஜூனில் கிழங்கை வெளியில் பரப்பி உறைபனியில் உறையவிட்டு, பகலில் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்தது. வருஷக்கணக்கில் கெடாது. பனியைப் பயிரில் பகையாகவும் சமையலில் வேலைக்காரனாகவும் வைத்திருக்கிறார்கள்.

நாள் 6: அக்கோரா, விடியற்காலை

நேற்று இரவு வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்தது. "இன்றைக்குப் பனி வரும்" என்றார் தாத்தா. பிப்ரவரியில் வரும் பனிதான் கொடியது, பயிர் பூவில் இருக்கும். நான் ஊரிலிருந்து இதற்காகவே இரண்டு டிஜிட்டல் வெப்பமானி கொண்டுவந்திருந்தேன். ஒன்றைப் பாத்தியிலும் ஒன்றைத் திறந்த புல்வெளியிலும் வைத்தேன். நாலரைக்குப் போய்ப் பார்த்தால் இரண்டும் குளிரில் பேட்டரி செத்துக் கிடந்தன. என் ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

ஆனால் கை இருக்கிறதே. புல்வெளியில் நடந்தால் செருப்படியில் நறநறவென்று உடைகிறது, வெள்ளை. பாத்திக்கு வந்தேன். வாய்க்கால்மேல் ஆவி எழுந்து மேட்டின்மீது மெல்லிய போர்வையாகக் கிடந்தது. இலைகள் ஈரம், வெள்ளை இல்லை. ஓரத்தில் இருந்த ஓரிரு செடிகளின் நுனி மட்டும் விறைத்திருந்தது. குனிந்து தண்ணீரில் கையை விட்டேன். காற்றில் விறைத்திருந்த விரலுக்கு அது வெந்நீர் மாதிரி இருந்தது. கையை வெளியே எடுக்க மனமில்லை, அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன்.

சங்கதி எளியது. இந்த உயரத்தில் பகல் வெயில் கடுமை, வாய்க்கால் நீர் அதைக் குடித்துவைக்கும். இரவில் நிலம் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சட்டென்று குளிரும், தண்ணீர் மெதுவாகத்தான் விடும். கனத்த குளிர்காற்று பள்ளத்தைத் தேடி வழியும்போது பயிர் மேட்டில் நிற்கிறது. ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம்தான். அந்த ஒன்றிரண்டு டிகிரியில்தான் பூ கருகுவதும் காய்ப்பதும்.

உவருக்கும் இதே வாய்க்கால்தான் மருந்து. ஏரித் தண்ணீர் லேசாக உப்பு, லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம். ஏரிக்குள் வரும் தண்ணீரில் மிகப் பெரும் பங்கு ஆவியாகத்தான் போகிறது, ஆற்றில் வெளியேறுவது கொஞ்சம். நிலத்தடி நீர் கிட்டத்தில் இருந்தால் மண் அதைத் திரிபோல மேலே உறிஞ்சும், நீர் ஆவியாகி உப்பு தங்கும். வேரை ஒரு மீட்டர் தூக்கிவிட்டால் திரி எட்டாது. மழை மேட்டைக் கழுவி உப்பை வாய்க்காலில் இறக்கும். களர் நிலத்துக்கு ஜிப்சம் பரிந்துரை எழுதி எழுதிக் கை ஓய்ந்தவன் நான். முதலில் வடிகால், அப்புறம்தான் மூட்டை என்று எழுதினால் யாரும் படிப்பதில்லை.

மத்தியானம் கிளம்பும்போது தாத்தாவிடம் இத்தனை மேடு இருக்கும்போது ஏன் எல்லாவற்றிலும் பயிர் வைப்பதில்லை என்று கேட்டேன். "முதல் வருஷம் மண் சிரிக்கும். மூன்றாம் வருஷம் ஓய்வு கேட்கும்" என்றார். மொழிபெயர்த்துச் சொன்ன பள்ளிக்கூடப் பையனுடைய நயமா அவருடையதா தெரியாது.

நாள் 7: தியாவானாக்கு – கோவானி சமவெளி, பொலிவியா

எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளவேண்டும். பழைய அரசு ஒன்றின் தலைநகரான தியாவானாக்குவின் இடிபாடுகளில் சூரிய வாசல் என்ற கல்வாசலைப் பார்த்தேன், போட்டோ எடுத்தேன். எல்லோரும் எழுதியாயிற்று, நான் விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது வடக்கே, ஒரு சிறு மலைத்தொடருக்கு அந்தப்பக்கம் இருந்த கோவானி சமவெளி.

ஆலன் கொலாட்டா என்ற தொல்லியலாளர் 1980-களில் இங்கேதான் வேலை பார்த்தார். அவர் கணக்கில் இந்தப் பாத்திகள் தியாவானாக்கு அரசு திட்டமிட்டு நடத்திய பெரும் பண்ணை. கி.பி. 1100 வாக்கில் நீண்ட வறட்சி வந்தது, அதற்கு பெருவின் கெல்காயா பனிமலையில் வருஷாவருஷம் படிந்த பனி அடுக்குகள் சாட்சி. வாய்க்கால் வற்றியது, அரசும் போனது என்பது அவர் வாதம். எரிக்சன் ஒத்துக்கொள்ளவில்லை. அரசு வருவதற்கு நெடுங்காலம் முன்பே பாத்திகள் உண்டு, அரசு போன பிறகும் உண்டு, இது ஊர்க்காரர்களின் கைவேலை என்பார். மண்ணைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் நான் எரிக்சன் பக்கம் சாய்கிறேன். அரசாங்க ஆணையில் வாய்க்கால் வெட்டலாம், வருஷாவருஷம் தூர் வாருவது வேறு சங்கதி.

பெரு, பொலிவியா இரு பக்கமும் 1980-களின் கடைசியில் ஒரே உற்சாகம். 1982-83 வறட்சியும், 1986-இல் ஏரி பொங்கிக் கரையோர வயல்களை மூழ்கடித்ததும் மக்களைக் கலங்கடித்திருந்த நேரம். திட்டங்கள் வந்தன, விதையும் கூலியும் கொடுத்தார்கள், பாத்திகள் எழுந்தன. 1990-களின் முடிவுக்குள் பெரும்பாலானவை மறுபடி புல்.

முதலில் வந்த விளைச்சல் எண்களில் பொய் இல்லை. பல நூறு வருஷம் தரிசாகக் கிடந்த மண் அது. குளிரிலும் ஈரத்திலும் மட்காமல் சேர்ந்திருந்த தழையெல்லாம், தோண்டி மேலே போட்டுக் காற்றுப் பட்டதும் ஒரேயடியாகச் சத்தை விடும். பயிர் கொழிக்கும். அது சேமிப்பில் இருந்து எடுத்த பணம். பிறகு சேற்றை அள்ளிப் போட்டுப் போட்டு, நடுவே நிலத்தை ஓய்வில் விட்டு விட்டுத்தான் ஓட்டவேண்டும். அந்தப் பேரெண்ணைப் பத்து வருஷமாகப் பயிற்சி வகுப்புகளில் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது வருஷத்து விளைச்சல் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சமவெளியில் மேடுகள் சாய்ந்த வெயிலில்தான் தெரிகின்றன. நடுப்பகலில் எல்லாம் ஒரே புல். சாயந்திரம் நிழல் விழுந்ததும் மெத்தைத் தையல் மாதிரி வரிகள் கிளம்பின. ஒரு மாமா நாலு மாட்டை மேய்த்துக்கொண்டிருந்தார். மேட்டில் உட்கார்ந்து நூல் நூற்கிறார், மாடு பள்ளத்தில் மேய்கிறது. பழைய வாய்க்காலில்தான் புல் பச்சை, சேறு இன்னும் அங்கே வேலை பார்க்கிறது. இதில் நடுவீர்களா என்று கேட்டதற்கு, பிள்ளைகள் எல் ஆல்ட்டோ நகரத்தில் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். கையிலிருந்த அவித்த கிழங்கில் இரண்டைக் கொடுத்தார். நான் வாய்க்காலைத் தாண்டப் போய்க் கணுக்கால்வரை இறங்கினேன். அவர் சிரிப்பு அந்தச் சமவெளி முழுக்கக் கேட்டிருக்கும்.

ராத்திரி லா பாஸ் விடுதியில் ஷூவைக் குளியலறைத் தொட்டியில் வைத்துக் கழுவினேன். தண்ணீர் போகவில்லை. நல்ல களி, துளையை அப்படியே அடைத்துக்கொண்டது. விடுதிக்கார அம்மா ஒரு கம்பியோடு வந்து, திட்டிக்கொண்டே குத்திக்கொண்டிருக்கிறார். வெளியே வரும் சேறு நல்ல ஈயநிறம்.